ஒரு பல்லுக்கு ஒரு திட்டு

கடைசியாக நானும் அம்மாவும் சேர்ந்து செய்த வேலை, நஸர்குலின் கடைவாய்ப் பல்லிலிருந்து மாதிரி எடுத்தது. அம்மா வேர்க்குழாய்க்குள் மெல்லிய காகிதக் குச்சியை நுழைத்து, ஒரு நிமிடம் வைத்திருந்து எடுத்தார். நான் குப்பியை நீட்டினேன். மூடினேன். எண் எழுதினேன்.

அம்மா பெயர் துர்சுனாய். நரின் நகரில் முப்பத்தொரு வருடம் பல் மருத்துவர். ஊரே அவரை எஜே, அதாவது அக்கா, என்று கூப்பிட்டது. நான் தலைநகர் பிஷ்கேக்கில் கிருமிகளின் மரபணுவைப் பார்க்கும் ஆய்வகத்தில் இருக்கிறேன்.

நஸர்குல் லாரி மெக்கானிக். ஏழு வருடங்களுக்கு முன் அதே பல்லை அம்மாதான் அடைத்தார், படிக்கும் காலத்தில் கற்றுக்கொண்ட சிவப்புப் பசையால். அது கல்லாக இறுகிவிடும். அதன் மேல் தங்க உறை. அடைப்பதற்கு முன் எடுத்த கிருமி இன்னும் என் ஆய்வகத்தில் உறைந்து கிடக்கிறது. இந்த வருடம் பல் மறுபடி சீழ் பிடித்தது. உறையைக் கழற்ற நஸர்குல் விடவில்லை.

"பல்லு போனாலும் போகட்டும் எஜே. தங்கத்துல கை வெக்காதீங்க. மாமியார் குடுத்தது."

"அப்ப சீழ் மட்டும்தான் உன்னோடதா?" என்றார் அம்மா. தங்கத்தில் சின்னத் துளை போட்டு, சிவப்புக் கல்லை மூன்று நாள் குடைந்தார்.

அம்மாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். தான் உள்ளே வைத்து மூடிய பழைய கிருமியா, பிறகு வந்து புகுந்த புதிதா?

அம்மா தனியாக எடுத்து அனுப்பிய முதல் மாதிரியில், தட்டில் வளர்ந்த கிருமித் திட்டுகளில் ஒன்றை மட்டும் சோதித்தேன். ஒரு பல்லுக்கு ஒரு திட்டு. அதற்குமேல் எங்கள் தலைவர் அனுமதிப்பதில்லை. மரபணு பழையதோடு பொருந்தவில்லை. உங்கள் தப்பில்லை என்று தொலைபேசியில் சொன்னேன். அம்மா நம்பவில்லை.

"ஒரு ஆட்டப் புடிச்சுப் பாத்துட்டு மந்தையே கருப்புன்னு சொல்லுவியா?"

எரிச்சலோடுதான் மறுபடி நரினுக்குப் போனேன். நாங்கள் சேர்ந்து எடுத்த அந்தக் கடைசி மாதிரி, இரண்டாவது மாதிரி, அன்று எடுத்ததுதான். தலைவரிடம் சண்டை போட்டு, இருபது திட்டுகளைச் சோதிக்க மூன்று வாரம் ஆனது. எல்லாம் ஒரே இனம். மரபணுவில் மூன்று வகை. நான்கு திட்டுகள் ஏழு வருடப் பழையதிலிருந்து மயிரிழை அளவே மாறியிருந்தன. அம்மாவின் பசைக்கு அடியில் அவை சாகாமல் இருந்திருக்கின்றன.

முடிவு வந்தபோது அம்மா மாரடைப்பில் இறந்து பதினொரு நாள். முதல் முறையே இருபதையும் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

மாதிரி எடுத்த அன்று, பழையது என்று வந்தால் நஸர்குலைக் கிளினிக்குக்கு வரவழைத்து விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றேன். அம்மா மறுத்துவிட்டார்.

"வாயத் தொறந்துட்டுப் படுத்திருக்கறவன்கிட்ட மன்னிப்பு கேக்கக் கூடாது. அவனால திருப்பித் திட்ட முடியாது. நானே வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

நஸர்குலின் வீடு அட்-பாஷி கிராமத்தில், லாரிப் பட்டறைக்குப் பின்னால். பல்லில் இன்னும் தற்காலிக அடைப்புதான் இருக்கிறது. அம்மாவால் அங்கே போய்ச் சொல்ல முடியாமலே போனது. இனி நான்தான் போக வேண்டும்.