கடைசித் தேய்ப்புக்கான தாள்

தாராவியில் என் கிட்டார் பட்டறையை ஒட்டித் தோல்பை தைக்கிறவர் ஒருவர் இருக்கிறார். கடைசித் தேய்ப்புக்கென்று நான் பொத்திவைத்திருந்த முந்நூற்று இருபதாம் நம்பர் வட்ட உப்புத்தாளைக் கேட்காமல் எடுத்துப் போய், பை விளிம்பைத் தேய்த்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறார். அந்தப் பெருந்தன்மை வேறு. தெரியாமல் அதைச் சாண்டர் மெஷினில் ஒட்டி ஓட்டினேன். கிட்டாரின் வெளிறிய முகப்பலகை முழுக்கக் கறுப்புத் தோல்சாயம் இழுத்துவிட்டது.

சண்டைக்குப் போனால், “தூசி தட்டித்தான வே வச்சேன். கறுப்பு பெயின்ட் அடிச்சு வித்துரும்” என்றார், வாய் கூசாமல்.

மறுவாரம் வாசலில் வந்து நின்றார். “பெரிய ஆர்டர் வே. விளிம்பு மழமழன்னு வரணும். நல்ல தாளா ஒண்ணு தாரும்.”

என்னிடம் இருந்ததிலேயே முரட்டுத் தாளான எண்பதாம் நம்பரை எடுத்து, முகம் மாறாமல், இரண்டாகவே கொடுத்தேன்.