ஜால்ரா சத்தம்

எங்கள் வீட்டில் அப்பாவின் பாட்டு செட் மட்டும்தான் அடிக்கடி புதிதாகும். ஊட்டியில் யாரோ பங்களாவைக் காலி செய்தபோது ஒரு ரெக்கார்டு பிளேயர் வந்தது. அடுத்த வருடம் அதன் ஊசி மாறியது. பிறகு கோயமுத்தூரிலிருந்து ஆம்ப்ளிஃபயர். அதற்கு இந்த ஸ்பீக்கர் போதாது என்று வேறு ஸ்பீக்கர். எது வந்தாலும் ஒரு மாதத்தில் அப்பாவுக்குக் குறை தெரிந்துவிடும்.

அப்பாவுக்குக் குன்னூர் பக்கம் ஓர் எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரியில் வேலை. இலை அரைக்கும் மிஷின்களுக்கு நடுவே பதினாறு வருடமாக நின்றவர். ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. மழைக்காலத்தில் இசைத்தட்டுகளில் பூஞ்சை பூத்துவிடும். அதைத் துடைப்பது என் வேலை. துடைத்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதுதான் பெரிய வேலை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, மூன்றாவது ஜோடி ஸ்பீக்கரை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மறுநாள் காலையிலிருந்து ஒரே பஜனைப் பாட்டுதான் ஓடியது. அதில் ஓரிடத்தில் ஜால்ரா வரும். அந்த இடம் வந்ததும் ஸ்பீக்கரில் காதை வைப்பார், வயரைப் பிடுங்கி மாற்றிச் சொருகுவார், ஊசியைத் தூக்கி மறுபடி வைப்பார்.

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, "ஏனுங்க, மொதல்ல உங்க காதை ஒரு டாக்டருகிட்டக் காட்டுங்க" என்றாள். வழக்கமான சண்டை என்றுதான் நினைத்தேன்.

மத்தியானமாகிவிட்டது. வெளியே விளையாடும் சத்தம் கேட்டது. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"கண்ணு, ஜால்ரா கேக்குதா?"

நன்றாகவே கேட்டது. ஆமாம் என்றால் எந்தப் பக்கம், எவ்வளவு தெளிவு என்று கேள்விகள் வரும். பாட்டு மறுபடி முதலிலிருந்து ஓடும். எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது.

"இல்லீங்கப்பா."

அப்பாவின் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததே இல்லை. "அதானே பாத்தேன். கோளாறு இதுலதான்" என்று செட்டை நிறுத்தினார். அன்று சாயங்காலம் எனக்கு பேக்கரியில் மொறுமொறுவென்று வறுக்கி வாங்கித் தந்தார்.

அப்பா வெளியே போனதும் அம்மா கத்தியும் கையுமாக என்னிடம் வந்தாள். "நெசமாவே கேக்கலையா?"

"கேட்டுச்சுங்கம்மா. உக்காந்து உக்காந்து சலிச்சுப்போச்சு."

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தாள். அதைப் பற்றி அப்பாவிடம் அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த ஸ்பீக்கரும் போனது. அப்புறம் இன்னொன்று வந்தது.

நான்கு வருடம் கழித்து, மேனேஜர் கூப்பிட்டது தெரியாமல் அப்பா நின்றுகொண்டிருந்ததால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மெல்லிய சத்தங்கள் போய் ரொம்ப நாளாகிறது, அப்போதே வந்திருந்தால் மிஷின் பக்கம் நிற்காமல் மிச்சத்தையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னதை நான்தான் அப்பாவுக்கு எழுதிக் காட்டினேன்.

ஸ்பீக்கர் சரியில்லையா என்றுதான் அன்று அப்பா கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு மனிதர் தன் காதைப் பற்றிப் பயந்து பயந்து விசாரிப்பார் என்று எனக்குத் தெரியாது.