தூணில் கட்டிய படகு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். எனக்குச் சந்தேகம் வந்தால் மனுஷன் மேல்தான் வரும். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் நானும் என் மனைவியின் தம்பி ஸ்டீபனும் மரப்பெட்டி அடிக்கிற ஷெட் வைத்திருக்கிறோம். ஹைவே ஓட்டல்காரர் ஒருவர், பழைய மீன்பிடிப் படகைச் சரிசெய்து, உள்ளே மேஜையும் பெஞ்சும் போட்டுத் தரச் சொன்னார். படகில் உட்கார்ந்து பிரியாணியா என்று ஸ்டீபன் அப்போதே முகம் சுளித்தான். அவன் சொந்தமெல்லாம் கடலுக்குப் போனவர்கள். பழவேற்காட்டிலிருந்து லாரியில் கொண்டுவந்து, எட்டுப் பேர் தூக்கி, மூக்கு மேற்கே பார்க்க இறக்கினோம். நகராமல் இருக்க மூக்கில் கயிறு போட்டு நடுத்தூணில் கட்டியது நான்தான்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் படகு தூணுக்கு மறுபக்கம் போய் கிழக்கே பார்த்து நிற்கிறது. காலையில் மறுபடி மேற்கே. நான்கு நாள் இதே கதை. பூட்டுகிற ஷெட், சாவி ஸ்டீபனிடம். வேலையைக் கெடுக்க ஆள் வைத்துத் திருப்புகிறாயா என்று வேலையாட்கள் எல்லார் முன்னாலும் அவனைக் கேட்டுவிட்டேன்.

"எம்மேலயே சந்தேகமா மாமா?" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனவன் வரவில்லை. வீட்டில் மனைவியும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் தரை முழுக்க மரத்தூளைத் தூவி, நானே பூட்டி, வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். திறந்தால் படகு கிழக்கே. தூளில் ஒரு காலடி இல்லை, இழுத்த கோடு இல்லை.

நேராக ஸ்டீபன் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். அவன் கயிற்றைத்தான் பார்த்தான்.

"காலைல மேக்கேருந்து தரைக்காத்து, மத்தியானம் கெழக்கேருந்து கடல்காத்து. நங்கூரம் போட்ட படகு காத்த பாத்துதான் மாமா திரும்பிக்கினு நிக்கும்."

மூடின ஷெட்டில் ஏது காற்று என்று கேட்டேன். அவன் கயிற்றை அவிழ்த்தான். அதன் பிறகு படகு அசையவில்லை. வேலையை முடித்து அனுப்பிவிட்டோம்.

போன மாதம் ஒரு மதியம் இருவரும் அந்த ஓட்டலுக்குச் சாப்பிடப் போனோம். அழகுக்காக ஒரு துருப்பிடித்த நங்கூரத்தைத் தரையில் போட்டு, படகின் மூக்கோடு கயிறு கட்டியிருந்தார்கள். படகு கிழக்கே பார்த்து நின்றது. ஓட்டல்காரர் எங்கள் பக்கத்தில் வந்து அலுத்துக்கொண்டார்.

"நம்ம ஆளுங்கதான் எவனோ டெய்லி திருப்பி வெக்கிறான். நேத்து ஒருத்தன வேலய வுட்டே நிறுத்திட்டேன்."

சொன்னால் யார் நம்புவார்கள்? நான் வாயைத் திறக்கவில்லை. ஸ்டீபன் சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டான். அவன் படகைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.