வத்தலக்குண்டு பஸ்ஸில் ‘க்வில்ட்’ சொல்லப் பழகியது

கொடைக்கானலில் க்வில்ட் தைக்கும் வகுப்பில் சேரப்போவதாகவும், அங்கே புழங்கும் சொற்களை எப்படி உச்சரிப்பது என்று தெரியாமல் கூச்சமாக இருப்பதாகவும் ஒரு வாசகி எழுதியிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு சொல் தாண்டுவதற்குள், அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்கு நான் போன பஸ் நினைவில் வந்து நின்றுவிட்டது. வாசகிக்கு வேண்டிய உச்சரிப்பு எல்லாம் அந்தப் பயணத்திலேயே இருக்கிறது.

எங்கள் ஊர் கன்னிவாடி. தக்காளியும் அவரையும் பயிர் செய்கிற வீடு. பள்ளிப் படிப்பு முடிந்ததும் திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு தையல் வகுப்புக்குப் போய்வந்தேன். அப்போது வத்தலக்குண்டில் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி, உள்ளூர்ப் பெண்களை வைத்துத் தையல் கூடம் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சைப் பரப்பி, மூன்றையும் சேர்த்துத் தைக்கிற கனத்த க்வில்ட் போர்வைகள் மலைமேல் பங்களாக்களுக்குப் போகும். கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் தேவைப்பட்டது. என் தையல் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் வாங்க வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். மாதிரிப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து, “புதன்கிழமை வந்து சொல்லிக் காட்டு” என்றார். வேலை கிடைத்தால் பங்குனியில் பேசியிருந்த என் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதாக அப்பா சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் பங்குனியிலேயே கல்யாணம்.

எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரியும். யாரும் பேசிக் கேட்டதில்லை. அதனால்தான் மைமூனைத் தேடிப் போனேன். அவள் என்னோடு தையல் படித்தவள். பினாங்கில் பிறந்து, பன்னிரண்டு வயதுவரை அங்கே ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்தார். “போனமா வந்தமான்னு இருக்கணும், பொழுது சாயுமுன்ன வீட்டுக்கு வந்துரணும்” என்று சொல்லி அவளை என்னோடு அனுப்பினார்.

கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல். அங்கிருந்து செம்பட்டி வழியாக வத்தலக்குண்டுக்கு இருபது மைலுக்குச் சற்று மேல். காலை வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புத்தகத்தை மடியில் விரித்தேன்.

“குயில்ட்டு” என்றேன்.

“குயிலு மரத்துல கூவும். இது க்வில்ட். ‘கு’வ நிக்க விடாத, முழுங்கிரு. அடுப்பு ஊதுறாப்புல உதட்டக் குவிச்சு ‘வி’ சொல்லு.”

இரண்டு பேரும் உதட்டைக் குவித்துக் குவித்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார். “ஏந்தாயி, வண்டியில ஊதுற வேல என்னோடது. நீங்க ரெண்டு பேரும் ஊதுனா டிரைவர் நிப்பாட்டிப்புடுவாரு.”

துண்டுத் துணியை மேலே வைத்துத் தைக்கும் வேலைக்குப் புத்தகத்தில் இருந்த சொல்லை ‘அப்ளிக்யூ’ என்று படித்தேன். “அப்-ளீ-கே. நடுவுல நீட்டி, கடைசில ‘கே’ன்னு விட்டுரு” என்றாள். துணியின் நெய்த கரையை ‘செல்வகே’ என்றேன். “செல்வகேவா? யாருடி அது, ஒன் மாமன் மகனா?” என்று சிரித்துவிட்டு, “செல்விஜ்” என்றாள். தைக்குமுன் துணி நகராமல் இருக்க நீளநீளமாகப் போட்டுப் பிறகு பிரிக்கும் தையல் பேஸ்டிங். நான் ‘பாஸ்டிங்’ என்றிருந்தேன். மெல்லிய பருத்தித் துணிக்கான சொல்லை ‘முஸ்லிம்’ என்று படித்ததும் அவள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். “என்னையவா வெட்டித் தைக்கப் போற? மஸ்லின்டி, மஸ்லின்!”

செம்பட்டி தாண்டித் தென்னந்தோப்புகள் வந்தபோது எனக்கு நாக்கு பழகியிருந்தது. அவள் புத்தகத்தை வாங்கிப் படங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கூடத்தில் துரைசாணி ஒவ்வொரு துணியாக எடுத்து நீட்டினார். நான் சொன்னேன். ‘அப்ளீக்கே’யில் மட்டும் மறுபடி ‘அப்ளிக்யூ’ என்று தொடங்கினேன். மூலையில் உட்கார்ந்திருந்த மைமூன் தன்னையறியாமல் அதைச் சொல்லிவிட்டாள். துரைசாணி திரும்பிப் பார்த்தார். அவளிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். இவளும் தயங்காமல் பேசினாள். வேலை அவளுக்குப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

“எனக்கு ரெண்டு பேரும் வேணும்” என்று துரைசாணி மைமூனிடம் தன் தமிழில் சொல்லி, என்னைக் காட்டினார். “இவள் தையல் பார்க்கட்டும். நீ பேசு.”

திரும்பி வந்த பஸ்ஸில் மைமூன் ஓயாமல் பேசினாள். “அத்தாகிட்ட நானே கேக்குறேன். வாரத்துல மூணு நாளுன்னா விடுவாக. நீ கன்னிவாடில இருந்து வா, நான் ஸ்டாண்டுல எடம் பிடிச்சு வைக்கிறேன். தெனமும் ஒரே வண்டிடி!” என் கையை அழுத்திப் பிடித்திருந்தாள். திண்டுக்கல் மலைக்கோட்டை தெரிகிறவரை விடவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொன்னாள். “கட்டிக் குடுக்கப் போற புள்ளைக்கு வேல என்னத்துக்குன்னுட்டாக. மாப்பிள்ளை பினாங்குலதான். நீ போடி. ஒனக்குக் கெடச்சதே எனக்கு நெறஞ்சுபோச்சு.” அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வருஷமே நாகப்பட்டினத்தில் கப்பலேறினாள்.

தையலும் பேச்சும் நானே பார்ப்பதென்று வேலையில் சேர்ந்தேன். பங்குனிக் கல்யாணம் நின்றது. சில வருஷம் கழித்து, எனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு வேலையையும் தொடர்ந்தேன். தினமும் அதே சாலை. பக்கத்து இருக்கையில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். பூக்கூடைக்காரி, வாழைக்காய் வியாபாரி, கைக்குழந்தைக்காரி. புதிதாக வந்த பெண்களுக்கு ‘அடுப்பு ஊதுறாப்புல’ என்று சொல்லிக்கொடுக்கும்போது என் வாயில் அவள் குரல் வரும்.

அறுபதுகளின் கடைசியில், தன் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்கு வந்த மைமூன் ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. நலம் விசாரித்து முடிந்ததும், நாங்கள் தைத்துக்கொண்டிருந்த போர்வையருகே உட்கார்ந்து ஊசியைக் கேட்டாள். பொடிப்பொடியாக, ஒரே அளவில் தையல் விழுந்தது. கை மறக்கவில்லை.

“வண்டிக்கு நேரமாச்சு” என்றேன்.

“அடுத்த வண்டில போறேன்.”

அது வந்தது. போனது. மகள் பஞ்சு மூட்டைமேல் தூங்கிவிட்டாள். “அத்தா தேடுவாருல்ல?” என்றேன். “தேடட்டும். அடுத்தது இருக்குல்ல” என்றாள். அதன்பிறகு நானும் கேட்கவில்லை. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தைத்தோம். பொழுது சாய்ந்தபின் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி வண்டியில் ஏறினாள். அதற்குப்பின் நான் அவளைப் பார்க்கவில்லை.

வாசகிக்கு: க்வில்ட், அப்ளீக்கே, செல்விஜ், பேஸ்டிங், மஸ்லின். தப்பாகச் சொன்னாலும் ஒன்றும் குடிமுழுகாது, உரக்கச் சொல்லிப் பழகுங்கள். அந்தக் கூடம் இப்போது இல்லை, தேட வேண்டாம். வத்தலக்குண்டில் இறங்கினால் மலையேறும்முன் ஏதாவது சாப்பிட்டுக்கொள்ளுங்கள், கம்பளி எடுத்துப் போங்கள். திரும்பும்போது திண்டுக்கல்லுக்கு வண்டிகள் அடிக்கடி இருக்கின்றன. கூடவே உங்களுக்குப் பிரியமானவர் யாராவது இருந்தால், வந்து நிற்கிற முதல் வண்டியில் ஏறிவிடாதீர்கள்.