பெருங்களத்தூரில் பீரங்கி வைத்தவன் நான்

சுருளைப் பிரித்ததும் அச்சு மை வாசனை குப்பென்று அடித்தது. வெள்ளைக்காரன் காலத்துப் பெருங்களத்தூர் வரைபடம், புதிதாக மறுபதிப்பு செய்தது. மின்சார ரயில் கூட்டத்தில் யார் முழங்கையும் படாமல் கைக்குழந்தை மாதிரி தூக்கி வந்தேன்...

அப்போது நான் அந்த ஊர்ப் பள்ளியில் தற்காலிக வரலாற்று ஆசிரியர். ஆண்டு மலருக்கு ஊர் வரலாறு எழுதச் சொன்ன தலைமை ஆசிரியை, "நல்லா எழுதுங்க சார், பர்மனென்ட் பண்ண நானே சொல்றேன்" என்றார்.

வரைபடத்தில் ஏரிக்கரை ஓரம் Tope என்று ஒரு சொல். Tank என்றால் ஏரி என்று தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. ஹிந்தி டீச்சரிடம் கேட்டேன்.

"ஹிந்தியில தோப்-னா பீரங்கி சார்!"

அவ்வளவுதான். ஏரிக்கரையில் பீரங்கி, சிப்பாய், புகை என்று நான்கு பக்கம் எழுதித் தள்ளினேன். விழாவில் சிறப்பு விருந்தினர் அதை வாசிக்க, ஒரே கைதட்டல்.

காபி குடிக்கும்போது எல்லப்பன் அண்ணா என்னை ஓரங்கட்டினார். அந்த ஏரிக்கரை நிலம் அவருடையது.

"இன்னா சார், எங்க நெலத்துல பீரங்கி வுட்டுகினு கீறீங்க? அது மாந்தோப்பு சார்!"

தோப்பு... Tope! வெள்ளைக்காரன் நம் சொல்லைத்தான் எழுதியிருக்கிறான். தமிழன் நான் ஹிந்தியில் போய் அர்த்தம் தேடியிருக்கிறேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, வெளிய சொல்லிடாதீங்க. வேலை போயிடும்."

"நான் ஏன் சார் சொல்றேன்? பீரங்கி நின்ன எடம்னா வெலை ஏறும்ல!"

எனக்கு வேலை நிரந்தரமானது. அவருக்கு நிலம் விற்றது. வாங்கியவர் கட்டிய அடுக்குமாடிக்குப் பெயர் 'கேனன் கார்டன்'. வாசலில் சிமென்ட் பீரங்கி வேறு.

இன்று போன் மேப்பிலும் அதே பெயர்தான். போன வாரம் ஒரு மாணவி ப்ராஜெக்ட்டை நீட்டினாள். தலைப்பு, 'எங்கள் ஊர்ப் பீரங்கி'. ஆதாரம், என் கட்டுரை.

பழைய வரைபடத்தை விரித்து, அந்தச் சொல்லின் மேல் விரல் வைத்து உண்மையைச் சொன்னேன். அன்று தோப்பு இருந்தது, பீரங்கி இல்லை. இன்று பீரங்கி இருக்கிறது, ஒரு மாமரம்கூட இல்லை. சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ சார், பைண்டிங்கே போட்டுட்டேன். ப்ளீஸ், வெளிய சொல்லிடாதீங்க!"

கேட்ட வசனமாக இருந்தது... முழு மார்க் போட்டுவிட்டேன். ஆனால் உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன் நண்பர்களே, அது தோப்பு. மாந்தோப்பு.