சூசையப்பன் ரிவர்ஸில் ஏற்றிய விலை

1966 மார்ச் 14, திங்கட்கிழமை, காலை 7.20 மணி
லிங்கராஜபுரம், பெங்களூர்

பொருள்: மதிப்பீட்டாளர் சூசையப்பன் மறைவு

அன்புடையீர்,

நேற்றுக் காலை சூசையப்பனின் மைத்துனர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மாமா போயிட்டாரு, சார். தூக்கத்துலயே. ஒரு சத்தம் இல்ல," என்றார். சூசையப்பன் சத்தமில்லாமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

நாற்பத்தேழுக்குப் பின் கப்பலேறிய வெள்ளைக்காரர்கள் விட்டுச்சென்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் கன்டோன்மென்ட் ஏலக்கூடத்துக்கு வந்தன. புதிய உதிரிகள் கிடைப்பது அரிது. ஆகவே புதுப்பித்த கியர்பாக்ஸ் என்ன விலை பெறும் என்று சொல்ல அங்கே இருவர் இருந்தோம்: அவரும் நானும். வாங்க வருவோர் ஒரு மரக்கோலின் நுனியைக் கியர்பாக்ஸின்மேல் ஊன்றி, மறுநுனியில் காதை வைத்துக் கேட்பார்கள். சத்தம் குறைந்தால் விலை ஏறும். இதை அறிந்த சில பட்டறைகள் எண்ணெயோடு மரத்தூளைக் கலந்து சத்தத்தை அடக்கிவிடும்.

சூசையப்பன் அந்தக் கோலைத் தொட்டதே இல்லை. "கம்முனு இருக்கிற கியர்பாக்ஸும், கம்முனு இருக்கிற பொண்டாட்டியும் எதையோ மறைக்குது," என்பார்.

"நான் என்னிக்காவது கம்முனு இருந்து பாத்திருக்கீங்களா?" என்று அவர் மனைவி ரெஜினா கேட்பார்.

"அதனாலதான் உனக்கு ஃபுல் வேல்யூ போட்டிருக்கேன்."

1958 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை. (ஐம்பத்தேழு என்று உங்களுள் சிலர் சொல்லி வருகிறீர்கள், தவறு.) ஒக்கலிபுரத்தில் அப்போதுதான் பட்டறை தொடங்கியிருந்த முனிரத்தினம் புதுப்பித்த கியர்பாக்ஸுடன் ஒரு சிவப்புக் கார் ஏலத்துக்கு வந்தது. ஓட்டினால் முதல் கியர் வீறிட்டது. சூசையப்பனோ புதியதற்கு ஈடான விலையை எழுதிக் கையொப்பமிட்டார். பக்கத்தில் நின்ற பச்சைக் காரின் கியர்பாக்ஸ் மூச்சுக்கூட விடவில்லை; அதற்குப் பாதி விலை.

மதராஸ் வியாபாரி ஒருவர் கோலைக் கீழே எறிந்தார். "என்னய்யா கூத்து! கத்துறதுக்கு முழு விலை, கத்தாததுக்குப் பாதியா?"

கூடமே சிரித்தது. ஏலக்கூட முதலாளி சூசையப்பனை நெருங்கினார். "விலையை மாத்தி எழுதுங்க. இல்லேன்னா இனிமே இங்க உங்க கையெழுத்து வேணாம்." முனிரத்தினம் வெளிறி நின்றார். அந்த விலையைக் குறைத்துவிட்டால் அவர் பட்டறைக்கு இனி யார் வருவார்?

சூசையப்பன் கோட்டைக் கழற்றி என் கையில் திணித்தார். "புடிங்க, வரது. நேரா வெட்டின பல்லு கத்தத்தான் செய்யும். முன்னால போற பல்லை எல்லாரும் மாத்துவான். ரிவர்ஸ் பல்லை எவன் பாக்கப்போறான்னு விட்டுடுவான். ரெண்டு வண்டியையும் ரிவர்ஸ்லயே வாசல் தெரு மேட்டுல ஏத்துவோம்."

பச்சைக் காரை முதலில் ஏற்றினார். பாதி மேட்டில் ரிவர்ஸ் கியர் படாரென்று கழன்றது. பிரேக்கை மிதித்து நிறுத்தினார். அடுத்து சிவப்புக் கார். வால் முன்னே, மூக்குப் பின்னே, தெரு முழுவதும் கேட்கும்படி அலறிக்கொண்டு ஏறியது. "உல்டா ஜாரா ரே!" என்று, வண்டி பின்பக்கமாகப் போகிறதே என வியந்து, இறைச்சிக் கடைக்காரர் கத்தியோடு ஓடிவந்தார். உச்சியில் நிறுத்திய சூசையப்பன் இருக்கைமேல் ஏறி நின்றார். "ஏலத்தை ஆரம்பிங்க! எனக்கு இங்கேயே கேக்கும்!"

மதிப்பைத் தாண்டிப் போனது ஏலம். கடைசிக் குரல் அதே மதராஸ் வியாபாரியுடையது. முனிரத்தினத்தை இருவர் தோளில் தூக்கிக்கொண்டார்கள். "இனிமேலும் நீங்களே கையெழுத்துப் போட வாங்க, சூசை," என்றார் முதலாளி.

"வரேன், சார். கையெழுத்து விலையும் ஏறிடுச்சு!"

அடுத்த சனிக்கிழமை முதல், அங்கே எந்தக் காரும் அந்த மேட்டில் பின்னோக்கி ஏறாமல் ஏலத்துக்கு வரவில்லை.

அவரிடமிருந்து என்னுடன் தங்கியது ஒரு பழக்கம். எதற்கும் விலை சொல்லுமுன், யாரும் அதனிடம் கேட்காத வேலையைக் கேட்டுப் பார்க்கிறேன்.

இங்ஙனம்,
வெ. வரதராஜன்

இணைப்பு:
அ. நினைவுத் திருப்பலி அழைப்பு. நேரம் தவறாமல் வருக.
ஆ. அன்றைய மதிப்பீட்டின் நகல், அவர் கையெழுத்தில்: "கத்தும். கைவிடாது."
இ. புகைப்படம் ஒன்று. கார் வருகிறதா, போகிறதா என்று எழுதிக் கேட்க வேண்டாம். ஏறுகிறது.