ஒவ்வொரு கேட்டிலும் நின்றவர்

எங்கள் அண்ணன் மலேசியாவில் கோலசிலாங்கூரை அடுத்த செம்பனைத் தோட்டத்து லயத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, பழக்குலை ஏற்றும் லோரியை ஓட்டித் தம்பி தங்கைகளைக் கரையேற்றினார். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோயும் அந்த லோரியிலேயே ஏறிக்கொண்டது.

ஓய்வு பெற்றபின் மாலையில் கோயிலுக்கு நடப்பார். வழியில் ஒவ்வொரு கேட்டிலும் நின்று, "என்னம்மா, பையனுக்கு வேலை கெடச்சுதா?" என்று விசாரிப்பார். இப்படியும் ஒரு மனிதரா என்று தாமான் குடியிருப்பே மெச்சியது. கூட நடந்த எனக்குத்தான் பொறுமை போகும்.

ஒருநாள் காலி வீட்டு கேட்டிலும் நின்றார்.

"யாருகிட்டண்ணே பேசுறீங்க? வீடு பூட்டிக் கெடக்கு லா!"

"சும்மா இருடா. கெண்டக்கால் புடிச்சு இழுக்குது. செத்த நின்னா விட்டுடும்."

அவர் நின்றார், நான்தான் வேர்த்துக் கொட்டி சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாளே அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். மருத்துவர் அண்ணனின் பாதத்தில் நாடியைத் தேடினார். இடது பாதம் சில்லென்று இருந்தது. விரலில் ஆறாத புண் வேறு. வலிக்கவில்லை என்று அண்ணன் அதைச் சொல்லவே இல்லை. பல வருடச் சர்க்கரை கால் இரத்தக் குழாய்களை அடைத்துவிட்டது, நடக்கும்போது தசைக்கு இரத்தம் போதவில்லை, இப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்றார்.

"டாக்டர், என் காலையும் பாருங்க!" என்று நான் அலறினேன். பார்த்தார். எனக்குக் காலுறைதான் இறுக்கமாம்.

"நோயாளி நானா, இவனா?" என்று அண்ணன் சிரித்தார்.

தொடை வழியாகக் குழாய் விட்டு அடைப்பைத் திறந்தார்கள். புண் ஆறியது. கால் பிழைத்தது. எனக்கு வேறு குடைச்சல் தொடங்கியது: இத்தனை நாள் இவர் மனிதர்களுக்காக நின்றாரா, கெண்டைக்காலுக்காகவா? அவர் மறுபடி கோயிலுக்கு நடந்தபோது திருடனைப் போல் பின்னாலேயே போனேன். முதல் கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"இன்னும் வலிக்குதாண்ணே?" ஓடிப்போய்க் கேட்டேன்.

"வலியெல்லாம் போச்சு. அந்தப் பையனுக்கு வேலை கெடச்சுதான்னு தெரிய வேணாமாடா?"

போன வருடம் தூக்கத்தில் அண்ணனின் இதயம் நின்றது. கால்கள் இரண்டும் முழுசாக இருந்தன.

அவருக்கு நாற்காலி போட்ட வீடுகளுக்கும், தினமும் பாதத்தைப் பார்த்து மருந்திட்ட அண்ணிக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இன்று அவர் நினைவுநாள் படையல் முடிந்ததும் நானும் அந்தச் சாலையில் நடக்கப் போகிறேன். உங்கள் கேட்டில் நின்றால் பயந்துவிடாதீர்கள். என் கால் நன்றாகத்தான் இருக்கிறது.